அறிவின் எல்லையும் இறைஞானமும்: திருச்சிராப்பள்ளிப் பகுதிக் கிறித்தவத் தமிழ் நூல்கள் பற்றிய ஓர் ஆய்வு

தோற்றுவாய்

மதுரைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியில், பழைய பெருவழிக்கு அணித்தாக அமைந்தது மருங்காபுரி. நாயக்கர் காலத்துப் பாளையங்களுள் ஒன்றாக விளங்கி, ஆங்கிலேயர் ஆட்சியில் ஜமீனாக நிலைபெற்று, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் முறை ஒழிந்த பின்னர் ஊர்ப்பெயரளவில் எஞ்சியது அது. நாயக்க மன்னரின் தலைநகர் 17ஆம் நூற்றாண்டில் மதுரைக்கும் திருச்சிராப்பள்ளிக்குமாக மாறி மாறி அமைந்தமையின், இப்பகுதி படைஞரும் வணிகரும் புலவரும் துறவியரும் ஓயாது வழங்கிய பகுதியாயிற்று. அவ்வாறு வழங்கியோருள் மேலைநாட்டிலிருந்து வந்து காவியுடுத்த கிறித்தவத் துறவியரும் உளர். அவர்கள் தமிழ் மண்ணுக்குக் கொணர்ந்த கருத்துகளுள் ஒன்றே இக்கட்டுரையின் பொருள்.

மாந்தர் அறிவு எத்துணை வளரினும் அதற்கு ஓர் எல்லை உண்டு; இறைவனது ஞானம் அவ்வெல்லைக்கு அப்பாற்பட்டது; உலகம் மடமை என்று ஒதுக்குவதையே இறைவன் தன் ஞானமாகக் காட்டுவான் என்பது அக்கருத்து. இதனைப் பற்றி நம்மிடையே இருவகை எண்ணம் நிலவுகின்றது. கல்வியைப் பழிக்கும் கொள்கை இது என்பார் ஒரு சாரார். எல்லாச் சமயமும் இதனையே கூறும், ஆதலின் இதில் தனிச்சிறப்பு யாதுமில்லை என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டும் ஆராயாது கூறும் கூற்றுகள் என்பது நம் துணிபு. இக்கருத்தைத் தமிழில் எடுத்துரைத்தோர் எத்தகையோர், எச்சொற்களைக் கையாண்டனர், அச்சொற்கள் அவர்களுக்கு எவ்வளவு துணை செய்தன, எவ்வளவு இடர் விளைத்தன என்பவற்றை வரலாற்று முறையில் நோக்கின் உண்மை விளங்கும்.

விவிலியத்தில் இக்கருத்து

முதற்கண் மூலநூலின் நிலையைச் சுருங்கக் காண்போம். விவிலியம் அறிவைப் பழிக்கும் நூலன்று. அதன் பழைய ஏற்பாட்டில் ஞான நூல்கள் எனத் தனித்தொகுதியே உண்டு. நீதிமொழிகள் ஞானத்தைப் பொன்னினும் மணியினும் உயர்ந்ததாகப் போற்றி, அதன் தொடக்கம் இறையச்சம் என்கின்றது. யோபு நூலில் துன்புற்ற நல்லோன் ஒருவன் தன் துன்பத்தின் காரணம் வினவுகின்றான். நண்பர் கூறும் விடைகள் அனைத்தும் பிழைபடுகின்றன. இறுதியில் இறைவன் சூறைக்காற்றினின்று பேசுங்கால் விடை கூறாது வினாக்களையே தொடுக்கின்றான். மண்ணுக்கு அடித்தளம் இட்டபோது நீ எங்கிருந்தாய் என்னும் போக்கில் அமைந்த அவ்வினாக்கள், அறியாமையைக் குத்திக்காட்டுவதினும் மாந்தன் நிற்குமிடத்தை அவனுக்கு உணர்த்துவனவாகவே உள்ளன.

புதிய ஏற்பாட்டில் இக்கருத்து கூர்மையடைகின்றது. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கொரிந்து நகரத்துச் சபைக்குப் பவுல் எழுதிய மடலில், கிரேக்கர் ஞானத்தை நாடுகின்றனர், யூதர் அடையாளம் கேட்கின்றனர், தாம் உரைப்பதோ சிலுவையில் அறையுண்டவனை என்கின்றார். கொலைத்தண்டனைக் கருவியொன்றில் இறைவனது ஞானம் வெளிப்பட்டது என்பது கிரேக்கச் சிந்தனைக்கு மடமையாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஈண்டு நாம் உளங்கொள்ளத் தக்கது ஒன்று. பவுல் கல்லாதவர் அல்லர். யூத மறையை முறையாகப் பயின்றவர். அறிவின் எல்லையை அவர் அவ்வெல்லை வரை சென்று நின்று கூறினார். தமிழகத்தில் இக்கருத்தை உரைத்தோரிடத்தும் இந்நிலையையே காண்கின்றோம்.

தத்துவ போதகரும் அறிவின் வழியும்

இத்தாலி நாட்டில் 1577இல் பிறந்த இராபர்ட் தெ நொபிலி 1606ஆம் ஆண்டு மதுரையை அடைந்தார். தத்துவ போதகர் என்னும் பெயர் பூண்டு, சந்நியாசி வேடம் தாங்கி, தமிழும் வடமொழியும் பயின்றார். மதுரையில் பதினாயிரத்தின் மேற்பட்ட மாணாக்கர் கல்வி பயில்வதாக 1610ஆம் ஆண்டு மடலொன்றில் அவர் குறிப்பிடுவர். அத்தகைய கல்விச் சூழலில் அறிவுக்கு அறிவாலேயே விடை கூறுதல் வேண்டும் என அவர் கருதினார். அவர்தம் முதல் மாணாக்கராய் அமைந்த பள்ளியாசிரியர் ஒருவருடன் இருபது நாள் அளவும், நாள்தோறும் பல மணி நேரம், வாதம் நிகழ்ந்தது என்பர் வரலாற்றாசிரியர்.

நொபிலி பயின்ற இறையியல், தொமாசு அக்குவினாசு (1225–1274) வகுத்த நெறியைச் சார்ந்தது. அந்நெறிப்படி இறைவன் உளன், அவன் ஒருவன், அவனே உலகிற்குக் காரணன் என்பன மாந்தர் அறிவு தன் ஆற்றலாலேயே எய்தக்கூடிய உண்மைகள். இறைவன் மூவொருமையன் என்பதும், அவன் மனிதனாய்ப் பிறந்து மாந்தர்பொருட்டு இறந்தான் என்பதும் அவனே வெளிப்படுத்தினாலன்றி அறிய ஒண்ணாதவை. இப்பாகுபாடே நொபிலியின் ஞானோபதேச நூல்களின் அடிப்படை. முதற்பகுதியில் காரணகாரிய வாதங்கள் நிரம்பி நிற்கும். பின்னர் வெளிப்படுத்தப்பட்ட மறைபொருள்கள் உரைக்கப்படும். முன்னது பின்னதற்கு வாயில். வாயிலையே வீடு எனக் கொள்ளுதல் கூடாது. வாயிலின்றி வீட்டினுட் புகுதலும் இயலாது.

எனவே, நொபிலியிடத்து அறிவின் எல்லை என்பது அறிவை இகழ்தலன்று. அறிவு செல்லுமிடம் வரை அதனை முழுமையாகச் செலுத்துவதே ஆகும். இவ்வகையில் அவர் தமிழ் உரைநடைக்குச் செய்த தொண்டும் நினைக்கத் தக்கது. நுண்ணிய தருக்கப் பொருளைச் செய்யுளின் துணையின்றி உரைநடையில் தொடர்ந்து கூறும் முயற்சி அவர் கையில் விரிவடைந்தது. வடசொற் பெருக்கால் அந்நடை இன்று நமக்குக் கடினமாயினும், அதன் வாதக் கட்டுக்கோப்பு தளர்வற்றது.

ஞானம் என்னும் சொல்லின் வரலாறு

கொல்லத்தில் 1578இல் அச்சான தம்பிரான் வணக்கம் முதலிய தொடக்க நூல்களில் போர்த்துக்கேயச் சொற்கள் பல அப்படியே ஆளப்பட்டன. நொபிலி அவ்வழக்கை மாற்றி, தமிழிலும் வடமொழியிலும் வழங்கிய சமயச் சொற்களையே மேற்கொண்டார். பூசை, குரு, வேதம், பிரசாதம் முதலியன அவ்வாறு கிறித்தவப் பொருள் பெற்றன. அவற்றுள் தலையாயது ஞானம் என்னும் சொல்.

இச்சொல் தமிழில் முன்னரே ஆழ்ந்த பொருள் உடையது. சைவ சித்தாந்தத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் எனும் நான்கனுள் முடிந்த நிலை அது. பாசஞானம், பசுஞானம், பதிஞானம் என மூவகையாக அதனைப் பகுத்து, முன்னைய இரண்டாலும் பதியை அறிதல் இயலாது, பதிஞானம் ஒன்றாலேயே இயலும் என்று மெய்கண்டார் மரபு 13ஆம் நூற்றாண்டிலேயே வரையறுத்தது. கருவி கரணங்களால் வரும் அறிவும், உயிர் தன்னையே பொருளாகக் கருதும் அறிவும் இறைவன் முன் ஒடுங்கும் என்பது அதன் கருத்து. ஆகவே, அறிவின் எல்லை என்னும் கோட்பாடு மேலைநாட்டினின்று வந்த புதுச்சரக்கு என்பது பொருந்தாது. கேட்போர் அக்கோட்பாட்டை ஏற்கத் தக்க செவியுடையோராகவே இருந்தனர்.

அவ்வாறாயினும், இரு கொள்கையும் ஒன்றே எனத் துணிதலும் பிழையாம். சித்தாந்தத்தில் உயிரறிவின் குறைக்குக் காரணம் அநாதியே பற்றிய ஆணவ மலம். அது குருவருளால் நீங்கப்பெறின், உயிர் சிவஞானத்தில் அழுந்தி நிற்கும். கிறித்தவத்தில் குறைக்குக் காரணம் இரண்டு. மாந்தன் படைக்கப்பட்டவன் ஆதலின் இயல்பாகவே அளவுபட்டவன் என்பது ஒன்று; பாவத்தால் அவன் அறிவு இருண்டது என்பது மற்றொன்று. பாவம் நீங்கினும் படைப்புக்கும் படைத்தவனுக்கும் உள்ள இடைவெளி நீங்காது. மேலும், கிறித்தவர் கூறும் இறைஞானம் ஒரு குறித்த காலத்தில், ஒரு குறித்த நாட்டில் நிகழ்ந்த நிகழ்ச்சியொன்றைப் பற்றிநிற்பது. நிகழ்ச்சியைத் தருக்கத்தால் வருவிக்க முடியாது. கண்டோர் சொல்லக் கேட்டே அறிதல் வேண்டும். இவ்வேறுபாட்டை மறைத்து இரண்டனையும் சமப்படுத்துவது இரண்டனுக்கும் இழைக்கும் தீங்காகும்.

ஞானம் என்னும் ஒரு சொல்லையே ஆண்டமையால் விளைந்த நிலை நோக்கத்தக்கது. தமிழ்க் கிறித்தவ வழக்கில் ஞானஸ்நானம், ஞானத்தகப்பன், ஞானப்பாட்டு, ஞானோபதேசம் என்றாற்போல வரும் தொடர்களில் ஞானம் என்பது அறிவு என்னும் பொருளை இழந்து, உயிரையும் இறைவனையும் சார்ந்தது என்னும் பொருளுடைய அடையாயிற்று. ஆனால், சீகன்பால்கு 1714–15இல் தரங்கம்பாடியில் வெளியிட்ட புதிய ஏற்பாடு முதலாக வளர்ந்த மொழிபெயர்ப்பு மரபில், 1871ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில், உலகத்தாரின் அறிவைக் குறிக்கவும் அதே ஞானம் என்னும் சொல் அமைந்தது. எனவே, சபையில் ஞானம் என்று போற்றப்பட்ட சொல்லே, மடலில் அழிக்கப்படுவதாகவும் கூறப்பட்டது. கேட்போர் மயங்காவண்ணம் உலக ஞானம், தேவ ஞானம் என அடைகொடுத்துப் பிரித்தல் உபதேசியாரின் கடமையாயிற்று.

மடமையைக் குறிக்க ஆண்ட சொல்லும் ஆராயத்தக்கது. 1871ஆம் ஆண்டுப் பதிப்பு அதனைப் பைத்தியம் என்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் மடமை என்றது. பின்னது தெளிவுடையது, மூலத்தின் பொருளுக்கும் அணியது. ஆயினும், முன்னது தமிழ்ச் செவியில் எழுப்பும் ஒலி வேறு. பைத்தியம் பித்தம் என்பதன் வழிவந்த சொல். திருவெண்ணெய்நல்லூரில் ஓலை காட்டித் தம்மை ஆட்கொள்ள வந்த இறைவனைச் சுந்தரர் பித்தன் என இகழ்ந்து, பின்னர் அச்சொல்லையே முதலாகக் கொண்டு பாடினார் என்பது சைவ வரலாறு. இறைவன் செயல் உலகோர்க்குப் பித்தாகத் தோன்றும் என்னும் உணர்வு இவ்வாறு தமிழில் முன்னரே வேரூன்றியிருந்தது. அங்கே பித்து அருள் விளையாட்டின் பாற்பட்டது. இங்கே அது அவமானச் சாவின் பாற்பட்டது. ஒற்றுமை வழியைத் திறக்கின்றது. வேற்றுமை வழியின் முடிவைக் காட்டுகின்றது.

வீரமாமுனிவரும் ஐயத்தின் காண்டலும்

இக்கருத்து தமிழில் காவிய வடிவம் பெற்றது வீரமாமுனிவரால். 1680இல் இத்தாலியில் காஸ்திகிலியோனே என்னும் ஊரிற் பிறந்த அவர் 1711இல் மதுரை மிஷனைச் சேர்ந்தார். பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சார்ந்ததும் இன்று அரியலூர் மாவட்டத்திலுள்ளதுமான ஏலாக்குறிச்சி, அவர் திருக்காவலூர் எனப் பெயரிட்டு வாழ்ந்த இடம். 1726இல் தேம்பாவணியும், 1730இல் தொன்னூல் விளக்கமும், 1732இல் சதுரகராதியும் எழுந்தன. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தவரும் அவரே. இத்துணைக் கல்வியாளர் அறிவின் எல்லையை எவ்வாறு பாடினார் என்பது காண்போம்.

மூன்று காண்டமும் முப்பத்தாறு படலமும் 3,615 பாடலும் கொண்ட தேம்பாவணியின் தலைவர் வளன் எனப்படும் சூசையப்பர். காப்பியத் தலைவர்க்குரிய போரோ முடியோ அவர்க்கு இல்லை, அவர் தச்சர். அவரைத் தலைவராகத் தேர்ந்ததே உலக அளவைகளைத் தலைகீழாக்கும் செயலாம். முதற்காண்டத்தில் ஐயம் தோற்று படலம், ஐயம் நீங்கு படலம் என இரு படலங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் சில வரிகளில் அடங்கும் செய்தியே ஈண்டு விரிவடைகின்றது. தாம் கைப்பிடித்த கன்னி கருவுற்றமை வளனுக்குப் புலனாகின்றது. காரணம் அவர்க்குத் தெரியாது. மனையாளின் தூய்மையை அவர் அறிவார். கண்ணெதிர்க் காட்சியையும் மறுக்க இயலாது.

இங்கே அறிவின் எல்லை தத்துவமாகக் கூறப்படாது வாழ்க்கை இடராக வந்து நிற்கின்றது. வளன் அறிவிலியல்லர், தீயோரும் அல்லர். அவர்தம் காட்சியில் பிழையில்லை, கருதலிலும் பிழையில்லை. காட்சி, கருதல் என்னும் இரு அளவைகளும் செம்மையாக நிற்க, அவற்றால் எய்தும் முடிபு மட்டும் உண்மைக்கு மாறாகின்றது. உண்மையோ அவ்விரு அளவையின் எல்லைக்குள் அடங்காதது. கனவில் வானவன் உரைத்த சொல்லால், அதாவது உரையளவையால், ஐயம் நீங்குகின்றது. நம் அளவைநூலார் கூறும் மூன்று அளவைகளைக் கொண்டு நோக்கின், நொபிலி உரைநடையில் வாதித்ததையே முனிவர் ஒரு குடும்பத்தின் துயரில் வைத்துக் காட்டினார் எனலாம்.

ஐயம் நீங்குதல் என்னும் கருத்து குறளின் மெய்யுணர்தல் அதிகாரத்தைக் கற்றார்க்குப் புதியதன்று. அங்கு ஐயம் நீங்கித் தெளிதல் மெய்யுணர்வால் வருவது. ஈண்டு அது பிறர் உரைத்த சொல்லை நம்புதலால் வருகின்றது. நம்புதற்கு முன்னர் வளன் செய்தது யாது? பழிதூற்றவில்லை, வழக்கிற்கு இழுக்கவில்லை, மறைவாகப் பிரிந்து செல்லவே எண்ணினார். தம் அறிவின் முடிபு பிழையாகவும் கூடும் என இடங்கொடுத்தவன் பிறர்க்குத் தீங்கு செய்ய விரையான். அறிவின் எல்லையை உணர்தல் அறத்தின் வேராகும் என்பதனை இப்பகுதி நமக்குக் கற்பிக்கின்றது. யூதச் சட்டத்தின்படி ஒரு பெண்ணின் உயிரே அவர் முடிவில் தங்கியிருந்தது என்பதனை நினைப்பின் இதன் அருமை விளங்கும்.

எண்ணியவன் தன்னை மறந்த கதை

முனிவர் இயற்றிய பரமார்த்த குருவின் கதை நகைச்சுவை நூலாகவே பயிலப்படுகின்றது. பேச்சுத்தமிழைக் கற்பார்க்கு உதவும் பொருட்டு எழுந்த அந்நூலை 1822இல் பாபிங்டன் இலண்டனில் பதிப்பித்தார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐவர் மாணாக்கருடன் குரு ஆற்றைக் கடக்கின்றார். கரையேறி எண்ணுவோன் ஒவ்வொருவனும் தன்னை விட்டு எண்ணுதலின் அறுவர் ஐவராகின்றனர். ஆறு ஒருவனை விழுங்கியது என அழுகின்றனர். வழிப்போக்கன் ஒருவன் பொருள் பெற்றுக்கொண்டு, ஒவ்வொருவரையும் தடியால் அடித்து எண்ணச் செய்து தொகையை நிறைவாக்குகின்றான்.

இக்கதையின் வேர் இந்நாட்டிலேயே உள்ளது. வேதாந்த நூல்கள் கூறும் தசமன் உவமையும் இதுவே. பதின்மர் ஆறு கடந்து ஒன்பதின்மர் என எண்ணி வருந்த, அறிந்தோன் ஒருவன் நீயே பத்தாமவன் என உணர்த்துவான். தாண்டவராய சுவாமிகளின் கைவல்லிய நவநீதத்தில் அது தன்னையறியும் ஞானத்திற்கு எடுத்துக்காட்டு. ஆங்கு ஆசிரியன் சொல் அறியாமையைப் போக்கும்; முனிவர் கதையில் ஆசிரியனும் எண்ணத் தெரியாதவன். போலிக் குருவின் மேல் வீசிய எள்ளலாக இதனைக் கொள்வர் பலர். அவ்வெள்ளல் உளதாயினும், அதன் குறி அத்துடன் நின்றுவிடாது. பிறரையெல்லாம் எண்ணித் தன்னை எண்ண மறத்தல் கற்றோர்க்கு உரிய நோய். அந்நோய்க்கு முனிவரின் சமயத்தாரும் விலக்கல்லர் என்பதனைப் பின்னர்க் காண்போம்.

முனிவரின் வரலாற்றுக்கும் இவ்வகை நோய் நேர்ந்தது. எல்லிஸ் துரையின் ஏவலால் முனிவர் நூல்களைத் தேடிச்சென்ற முத்துசாமிப் பிள்ளை 1822இல் அவர்தம் வரலாற்றை எழுதினார். திருச்சிராப்பள்ளியை ஆண்ட சந்தா சாகிபின் திவானாக முனிவர் விளங்கினார் என்றும், அரசச் சிறப்புடன் உலா வந்தார் என்றும் வழங்கும் செய்திகள் அதன் வழிப் பரவின. பிற்கால ஆய்வாளர் இவற்றை ஐயுற்றனர். தச்சரைக் காப்பியத் தலைவராக்கிய புலவர்க்குத் திவான் பதவி சூட்டினாலன்றி மதிப்பு நிறையாது என மக்கள் எண்ணினர் போலும். உலக ஞானத்தின் அளவுகோல் எளிதில் கீழே வைக்கப்படுவதன்று.

தாயுமானவர் என்னும் சமகாலத்தவர்

முனிவர் திருக்காவலூரில் வாழ்ந்த அந்நாளில், திருச்சிராப்பள்ளியில் விசயரங்க சொக்கநாத நாயக்கரின் அரசில் (1706–1732) அலுவல் புரிந்தவர் தாயுமானவர் என்பது மரபு. மௌனகுருவை அடுத்து உபதேசம் பெற்ற அவர், சித்தர் கணம் என்னும் பகுதியில் கல்லாதோரையே நல்லோர் என வாழ்த்தித் தம் கல்வியை நொந்துகொள்கின்றார். ஒருவன் ஞானம் பேசின் தாம் கன்மத்தை நாட்டுவதும், அவன் கன்மம் பேசின் தாம் ஞானத்தை நாட்டுவதுமாக, வாதவன்மையே கல்வியின் பயனாய் முடிந்ததை வருந்திக் கூறுகின்றார்.

இருவர்க்கும் தொடர்பு கற்பிப்பது நம் கருத்தன்று. ஒரே காலத்தில், ஒரே வட்டாரத்தில், வெவ்வேறு சமயத்தைச் சார்ந்த இரு பெருங்கல்வியாளர் கல்வியின் எல்லையைப் பாடினர் என்பதே நாம் சுட்டுவது. நாயக்கர் ஆட்சி தளர்ந்து, 1736இல் சந்தா சாகிபும், 1741இல் மராட்டியரும் கோட்டையைக் கைப்பற்றிய காலம் அது. மதியூகமும் சூழ்ச்சியும் மலிந்து, ஒன்றும் நிலைபெறாத சூழலில் இவ்வுணர்வு தழைத்தது எனக் கருத இடமுண்டு. தாயுமானவர் கல்வியின் எல்லையில் மௌனத்தைக் கண்டார். முனிவர் அவ்வெல்லையில் ஒரு சொல்லைக் கேட்டார். சொல்லற நிற்றலும் சொல்லைக் கேட்டு நிற்றலும் வேறுவேறு நிலைகள். இரண்டும் வாதத்தின் செருக்கு அடங்கிய பின்னரே எய்துவன.

பிற்காலத்தார்

இம்மரபு 19ஆம் நூற்றாண்டில் பல கிளையாயிற்று. திருச்சிராப்பள்ளியில் 1762 முதல் தங்கித் தொண்டாற்றிய சுவார்ட்சு ஐயரிடம் தஞ்சையில் பயின்ற வேதநாயக சாத்திரியார் (1774–1864), பெத்லகேம் குறவஞ்சியில் வானநூற் செய்திகளை நிரப்பினார். புதிய அறிவியல் இறைவனின் பெருமையைக் குறைக்காது, வியப்பை மிகுவிக்கும் என்பது அவர் நிலை. திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826இல் பிறந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1859இல் நீதிநூலை இயற்றி, எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான நெறியில் இறைவனைப் பாடினார். கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம், புன்யனின் 1678ஆம் ஆண்டு நூலைத் தழுவியது. அம்மூல நூலில் யாத்திரிகனை முதலில் வழிதவறச் செய்பவன் கொடியவனல்லன். நயமாகப் பேசி எளிய வழி காட்டும் உலக ஞானியே என்பது குறிக்கத்தக்கது.

எல்லை தமக்கும் உண்டு

இனி, இக்கருத்தை உரைத்தோர் அதனைத் தம்மேல் ஏற்றுக்கொண்டனரா என வினவுதல் ஆய்வாளர் கடன். நொபிலி சாதி வேறுபாட்டைச் சமயத்தோடு படாத உலகியல் வழக்கு எனக் கொண்டு, உயர்ந்தோர் எனப்பட்டாருடன் மட்டும் பழகினார். 1623இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி அம்முறைக்குப் பெரும்பாலும் இசைவளித்தார். எனினும், குலச்செருக்கை விடுமாறு உயர்ந்தோரை அறிவுறுத்தவும் தவறவில்லை. 1640இல் பல்தசார் த கோஸ்தா பண்டாரசாமி வேடம் பூண்டு பிற குலத்தாரிடையே தொண்டைத் தொடங்கினார். 1704இல் தூர்னோன் ஆணை, நோயுற்ற தாழ்த்தப்பட்ட மக்களின் இல்லத்திற்கே சென்று குருமார் திருவருட்சாதனம் வழங்க வேண்டும் என்றது. 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் அதனை உறுதிசெய்தார். நூறாண்டுக்கு முன்னர் நன்றெனப்பட்ட அறிவுச் சூழ்ச்சியை அச்சபையே பின்னர்த் திருத்த நேர்ந்தது.

கொரிந்து மடலில் பவுல், அழைக்கப்பட்டோருள் ஞானியரும் வலியோரும் உயர்குடிப் பிறந்தாரும் பலர் இல்லை எனச் சுட்டி, உலகம் இழிந்தது என்று ஒதுக்கியதையே இறைவன் தேர்ந்தான் என்கின்றார். இறைஞானத்தைப் பற்றிய அப்பகுதியே குலப்பெருமையின் வேரையும் அறுக்கின்றது. அப்பகுதியைக் கற்றுத் தெளிந்த பேரறிஞர்கள், தாம் நின்ற இடத்தில் அதன் பொருளை முழுதும் காணாதது ஏன்? பரமார்த்த குருவின் மாணாக்கரைப் போல, எல்லாரையும் எண்ணித் தம்மை எண்ண மறந்தனர். அவர்களைப் பழித்தற்கு இதனைக் கூறவில்லை. அவர்கள் கற்பித்த கருத்து மெய் என்பதற்கு அவர்கள் வாழ்க்கையே சான்றாய் நிற்கின்றது என்பதே நாம் கூறுவது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றான் பின்வருவன போதரும். அறிவின் எல்லை பற்றிய கிறித்தவக் கோட்பாடு கல்வியைப் பழிப்பதன்று. தமிழகத்தில் அதனை உரைத்தோர் அனைவரும் கல்வியின் மேலெல்லையைத் தொட்டவரே. அஃது இந்நாட்டுச் சிந்தனைக்கு அயலானதும் அன்று; சித்தாந்தமும் தாயுமானவர் பாடலும் அதற்கு நிலம் பண்படுத்தியிருந்தன. எனினும், நிகழ்ச்சியொன்றில் வெளிப்பட்ட ஞானம் என்னும் அதன் உட்பொருள் தனித்தன்மையுடையது. ஞானம் என்னும் சொல் அதனைத் தாங்கியதுடன் பலகால் மறைத்தும் நின்றது. இக்கோட்பாட்டின் மெய்த்தன்மைக்கு இறுதிச் சான்று, அதனை உரைத்தோர் தம் குறைகளே.

மீண்டும் மருங்காபுரியை நினைவோம். அவ்வூர் ஜமீன்தாரிணி இலட்சுமி அம்மணி 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருக்குறள் தீபாலங்காரம் என்னும் உரைநூலை இயற்றினார். முனிவர் இலத்தீனில் பெயர்த்த அதே குறளுக்கு, மதுரை வழியே அவரைப் போன்றோர் நடந்த அதே நிலத்தினின்று ஒரு பெண்மணி உரை கண்டார். அந்நூலின் முதல் அதிகாரமே கற்றதன் பயன் யாது என வினவி, தூய அறிவுடையானைத் தொழுதலே என விடையிறுக்கின்றது. 1,330 குறளில் உலகியல் அறிவை அளந்து வகுத்த புலவர், அளத்தற்கு முன்னர் அளவின் எல்லையைக் கூறிவிட்டே தொடங்கினார். சமயம் வேறாயினும், இவ்வொழுங்கு ஆராய்ச்சித் துறையில் நிற்கும் நமக்கும் உரியது. முடிபு கூறுமுன் வளனைப் போல ஒரு கணம் தயங்குதல் நம் அறிவுக்கு இழுக்காகாது.